நாலு மணி நேரம் கேட்டவர்

டோட்டோ-சானைப் படித்த எல்லோருக்கும் அந்த முதல் நாள் ஞாபகம் இருக்கும். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பப்பட்ட சிறுமியை அம்மா இன்னொரு பள்ளிக்கு அழைத்துப் போகிறாள். தலைமையாசிரியர் கோபயாஷி அம்மாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சிறுமியின் எதிரே உட்கார்ந்து, உனக்குச் சொல்லத் தோன்றுவதையெல்லாம் சொல் என்கிறார். அவள் சொல்லச் சொல்ல நாலு மணி நேரம் கேட்கிறார். கொட்டாவி விடவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை. அவ்வளவுதான் அட்மிஷன்.

டெட்சுகோ குரோயானகியின் இந்தப் புத்தகம் ஜப்பானில் 1981இல் வந்தது. தமிழில் வந்த பிறகு இது நம் வாசகர் வட்டத்தின் செல்லப் புத்தகமாகிவிட்டது. பிறந்தநாளுக்குக் கொடுக்கிறோம், ஆசிரியராக வேலை கிடைத்தவர்களுக்குக் கொடுக்கிறோம், ரயில்பெட்டி வகுப்பறைகளைப் பற்றி ஸ்டேட்டஸ் போடுகிறோம். எனக்கும் பிடித்த புத்தகம்தான். ஆனால் நாம் அதைப் படிக்கிற விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது என்று கொஞ்ச நாளாகத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. தோமோயி பள்ளியை ஏதோ தேவலோகத்தில் நடந்த கதை மாதிரிப் படித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, புத்தகத்தை அலமாரியில் வைத்துவிடுகிறோம். ஒரு குழந்தையை அதன் வீட்டோடும் பேச்சோடும் சேர்த்து ஏற்றுக்கொள்கிற காரியம் நம் தெருவில் யாருடைய வேலை, அவர் அதை எப்படிச் செய்கிறார் என்ற கேள்வி நமக்கு வருவதே இல்லை.

எனக்கு அந்தக் கேள்வி வந்தது ஒரு வார்த்தையால்.

*

செம்பட்டி ஒரு சந்திப்பு ஊர். திண்டுக்கல், வத்தலக்குண்டு, நிலக்கோட்டை, ஒட்டன்சத்திரம் என்று நாலு பக்கமும் பஸ் பிரிகிற இடம். காலையில் எட்டு மணிக்கு ரோட்டோரம் நின்றால் மஞ்சள் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மூன்று வயசு, நாலு வயசுப் பிள்ளைகள் கழுத்தில் டை கட்டி, முதுகில் தன்னைவிடப் பெரிய பையோடு ஏறும். அதே நேரத்தில் உள்தெருவில் பால்வாடி திறந்திருக்கும். அரசு அதை அங்கன்வாடி என்று எழுதுகிறது, எங்கள் பக்கம் இன்னமும் பால்வாடிதான்.

என் அக்கா மகள் வேனில் போகிறவள். போன வருஷம் ஒருநாள் வகுப்பில் நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டிருக்கிறார்கள். "அப்பத்தா வச்ச வெஞ்சனம்" என்று சொல்லியிருக்கிறாள். எங்கள் பக்கம் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் எதற்கும் வெஞ்சனம்தான் பெயர். மிஸ் சிரித்துவிட்டு, அப்படிச் சொல்லக் கூடாது, சைடு டிஷ் என்று சொல்லணும், அப்பத்தா இல்லை, கிராண்ட்மா என்று திருத்தியிருக்கிறார். திட்டவில்லை. அடிக்கவில்லை. அன்பாகத்தான் திருத்தியிருக்கிறார்.

சாயந்திரம் வீட்டுக்கு வந்து பிள்ளை சொன்னது இது: "அப்பத்தா, இனிமே வெஞ்சனம்னு சொல்லாத. அது தப்பு."

அப்பத்தா முதலில் சிரித்தார். "சரி தாயி, சொல்லல" என்றார். அப்புறம் அன்றைக்கு ராத்திரி பிள்ளையோடு அவர் கொஞ்சம் குறைவாகத்தான் பேசினார் என்று அக்கா சொன்னாள்.

இதை அந்தப் பள்ளியின் குற்றமாக மட்டும் எழுதிவிட்டுப் போகலாம். ஆங்கில மோகம், தனியார் கொள்ளை என்று நாலு பத்தி எழுதினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த மிஸ் ஆங்கிலத்துக்குப் பதிலாகச் சுத்தத் தமிழில் 'தொடுகறி' என்று சொல்லு கண்ணு என்று திருத்தியிருந்தால்? 'அப்பத்தா' என்று சொல்லாதே, 'பாட்டி' என்று சொல் என்று ஒரு அட்டையைக் காட்டியிருந்தால்? பிள்ளை வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கப்போகிற வாக்கியம் மாறியிருக்காது. ஆங்கிலமா தமிழா என்ற நம் பழைய சண்டை இந்தப் பிரச்சினையின் ஒரு ஓரத்தைத்தான் தொடுகிறது.

குடும்பம் என்ற பாடத்துக்கு நாம் மாட்டுகிற படத்தைப் பாருங்கள். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அண்ணன், தங்கை. அழகான படம். ஆனால் திண்டுக்கல் மாவட்டத்து வகுப்பறை ஒன்றில் உட்கார்ந்திருக்கும் இருபது பிள்ளைகளில் ஒன்றுக்கு அப்பா 'அத்தா'. ஒன்றுக்குப் பாட்டி 'அம்மாச்சி', இன்னொன்றுக்கு 'அவ்வா'. வீட்டில் தெலுங்கு பேசுகிற, கன்னடம் பேசுகிற, சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பங்கள் இந்தச் சமவெளியில் பல தலைமுறையாக இருக்கின்றன. இப்போது நூற்பாலை வேலைக்கு வந்த வடமாநிலத்துக் குடும்பங்களும் சேர்ந்திருக்கின்றன. நிலக்கோட்டை சந்தைக்குப் பூ போகிற ஊர்களில், விடியுமுன்னே பூப்பறிக்கப் போன அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே காலையில் கிளம்புகிற பிள்ளையும் உண்டு. அந்தப் பிள்ளையிடம் 'காலையில் அம்மா என்ன செய்கிறாள்' என்ற படத்தில் தோசை சுடுகிற அம்மாவைக் காட்டுகிறோம்.

*

எங்கள் பக்கத்தில் நர்சரிப் பலகைகளில் அடிக்கடி பார்க்கிற பெயர் மாண்டிசோரி. அந்தப் பெயருக்குரிய அம்மாள் எங்கள் மாவட்டத்தில் வாழ்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. செம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு போய் மலை ஏறினால் கொடைக்கானல். மரியா மாண்டிசோரி 1939இல் பிரம்மஞான சபையின் அழைப்பில் சென்னை வந்தார். அடுத்த வருஷம் இத்தாலி போரில் இறங்க, எதிரி நாட்டுக் குடிமகள் என்று பிரிட்டிஷ் அரசு அவருக்குக் கட்டுப்பாடு விதித்தது, மகன் மரியோவைச் சிறைமுகாமில் வைத்தது. மகன் விடுதலையான பிறகு 1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் இருந்தார்கள். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் சேர்ந்து படித்த ஒரு சிறு பள்ளியை நடத்தினார். மலையின் செடியும் பூச்சியும் மண்ணும்தான் பெரும்பாலும் பாடப்பொருள். இந்தியாவில் அவர் ஆற்றிய உரைகளிலிருந்து உருவான 'உறிஞ்சும் மனம்' என்ற புத்தகம் 1949இல் அடையாற்றில்தான் முதலில் அச்சானது.

அந்தப் புத்தகத்தின் மையமான வாதம் எளிமையானது. சின்னக் குழந்தை தன்னைச் சுற்றியுள்ள மொழியை, பழக்கத்தை, நடையுடையை 'கற்றுக்கொள்வதில்லை', அதை அப்படியே உள்ளுக்கு இழுத்துத் தன் உடம்பாக ஆக்கிக்கொள்கிறது. பெரியவர்களாகிய நமக்கு மொழி ஒரு கருவி. மூன்று வயசுப் பிள்ளைக்கு மொழிதான் அது. இதை ஒப்புக்கொண்டால், வெஞ்சனம் என்ற சொல்லைத் தப்பு என்று சொல்வது ஒரு சொல்லைத் திருத்துகிற காரியமாக இருக்க முடியாது. பிள்ளைக்குள் இருக்கிற அப்பத்தாவைத் திருத்துகிற காரியம் அது. பலகையில் மாண்டிசோரி பெயரை எழுதிவிட்டு, உள்ளே அவர் சொன்னதற்கு நேர் எதிரானதைச் செய்கிறோம்.

மாண்டிசோரி மேலும் விமரிசனம் உண்டு. அவருடைய உபகரணங்கள், அந்த இளஞ்சிவப்புக் கோபுரம், உப்புத்தாள் எழுத்துகள், எல்லாம் அளவெடுத்துச் செய்தவை, விலை கூடியவை. ஏழை ஊருக்கு அவை எட்டாது. இந்தச் சிக்கலை இந்தியாவில் சந்தித்தவர் தாராபாய் மோடக். கிஜுபாய் பதேக்காவோடு குஜராத்தில் வேலை செய்தவர், மாண்டிசோரி முறையில் ஊறியவர். 1945இல் மகாராஷ்டிரத்தின் போர்டி கிராமத்துக்குப் போனார், பிறகு கோஸ்பாட் மலைக்கு. அங்கே வார்லி பழங்குடிப் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. தாராபாயும் அவரோடு இருந்த அனுதாய் வாக்கும், பிள்ளைகள் வராவிட்டால் பள்ளி போகட்டும் என்று முடிவெடுத்தார்கள். குடிசை முற்றத்துக்கே பள்ளி போனது. ஆடு மேய்க்கப் போன பிள்ளைகளைத் தேடி மேய்ச்சல் நிலத்துக்குப் போனது. விதை, கூழாங்கல், இலை என்று கையில் கிடைத்தது கருவியானது. அங்கண் என்றால் முற்றம். நாம் தினமும் சொல்கிற 'அங்கன்வாடி' என்ற சொல்லின் வேர் அந்த முற்றம்தான். பள்ளி பிள்ளையின் வீட்டு வாசலுக்கு வந்த கதை அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

கடல் கடந்தும் ஒரு கதை. நியூசிலாந்தில் மாவோரிப் பிள்ளைகளுக்கு ஆரம்ப வகுப்பு எடுத்த சில்வியா ஆஷ்டன்-வார்னர் 1963இல் 'டீச்சர்' என்ற புத்தகத்தை வெளியிட்டார். அவர் செய்தது இவ்வளவுதான்: ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு பிள்ளையிடமும், இன்றைக்கு உனக்கு எந்த வார்த்தை வேண்டும் என்று கேட்டார். பிள்ளை சொன்ன வார்த்தையை ஒரு அட்டையில் எழுதிக் கையில் கொடுத்தார். அச்சிட்ட பாடநூலின் சாதுவான சொற்களைப் பிள்ளைகள் மறந்துபோனார்கள். பேய், முத்தம், அப்பாவின் குடி, சண்டை என்று தங்கள் வயிற்றிலிருந்து வந்த சொற்களை ஒரே பார்வையில் படித்தார்கள். அந்த அம்மாளிடம் மாவோரிகளைப் பற்றி ஒரு வெள்ளைக்காரப் பார்வையும் இருந்தது, அதை இன்று படிக்கும்போது நெருடும். அதனால்தான் அடுத்த கட்டத்தை மாவோரிகளே எடுத்தார்கள். 1982இல் அவர்கள் தொடங்கிய 'கோஹங்கா ரெயோ' மழலையர் இல்லங்களில் பாட்டிகளும் தாத்தாக்களும் வந்து உட்கார்ந்து தங்கள் மொழியில் பேசினார்கள். அந்த நாட்டின் மழலையர் பாடத்திட்டம் 1996இல் வந்தபோது அதற்கு வைத்த பெயர் 'தெ ஃபாரிக்கி', பின்னிய பாய் என்று பொருள். பிள்ளையும் வீடும் ஊரும் பள்ளியும் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய பாய்.

*

இவ்வளவு தூரம் போய்விட்டுத் திரும்பி வந்தால், நம்மிடம் என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது என்பதுதான் என் பதில். தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. 1975இல் மத்திய அரசின் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமும் 1982 ஜூலையில் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும் சேர்ந்து உருவாக்கிய வலை இது. அங்கன்வாடிக்கென்று 'ஆடிப் பாடி விளையாடு பாப்பா' என்ற பாடத்திட்டம் இருக்கிறது. பாரதியின் பாப்பாப் பாட்டை நினைவூட்டுகிற பெயர். ஆட்டம், பாட்டு, கதை, கைவேலை என்று போகிற நல்ல திட்டம். தேசியக் கல்விக் கொள்கையும் 2022இல் வந்த அடித்தள நிலைக் கலைத்திட்டமும் வீட்டு மொழியில் தொடங்கு என்றுதான் சொல்கின்றன. காகிதத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை.

குறை எங்கே என்றால், அந்தக் காகிதத்தைக் கையில் வைத்திருப்பவரை நாம் யாராகப் பார்க்கிறோம் என்பதில். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். உபரி இடைநிலை ஆசிரியர்களை அங்கே அனுப்பியபோது அவர்கள் நீதிமன்றம் போனார்கள். மழலையருக்குப் பாடம் எடுப்பது பதவி இறக்கம் என்பது அவர்கள் வாதத்தில் ஒன்று. 2022 ஜூனில் இந்த வகுப்புகளை நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தது, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளில் தொடரும் என்றார்கள். அந்த ஆசிரியர்களின் பணிப் பாதுகாப்புக் கவலை நியாயமானது. ஆனால் 'பதவி இறக்கம்' என்ற சொல் நம் சமூகம் முழுவதும் நம்புகிற ஒன்றை உளறிவிட்டது. பிள்ளை எவ்வளவு சின்னதோ, அதற்குச் சொல்லித்தருகிறவரும் அவ்வளவு சின்னவர். அந்த வாரம் எதிர்த்து எழுதியவர்களிலும் பெரும்பாலோர் எல்.கே.ஜி. என்ற மூன்று எழுத்துக்காகத்தான் வருந்தினார்கள். பால்வாடி டீச்சரைப் பற்றி யாரும் பேசவில்லை.

இப்போது அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். தெருவில் ஒரு பெண் உண்டானால் முதலில் பதிவேட்டில் எழுதுவது அவர். சத்துமாவு கொடுப்பது, எடை பார்ப்பது, தடுப்பூசிக்கு ஞாபகப்படுத்துவது அவர். பிறந்த பிள்ளையின் எடையை மாதாமாதம் குறிப்பது அவர். அந்தப் பிள்ளை நடந்து பால்வாடிக்குள் வரும்போது, அதன் அம்மாவுக்கு எத்தனாவது மாசத்தில் ரத்தம் குறைந்தது என்பதுகூட அவருக்குத் தெரியும். தன் மாணவரைப் பிறக்கும் முன்னாலிருந்தே தெரிந்த ஆசிரியர் உலகத்தில் எத்தனை பேர்? காந்தி 1945இல் ஆதாரக் கல்வியின் எல்லையைப் பிள்ளை கருவில் இருக்கும் காலம்வரை பின்னால் நீட்டினார். அவர் வழியில் வந்த டாக்டர் சௌந்தரம் 1947இல் செம்பட்டிக்குப் பக்கத்துச் சின்னாளப்பட்டியில் இரண்டு கட்டில் போட்ட ஒரு சிறு மருத்துவமனையில்தான் காந்திகிராம வேலையைத் தொடங்கினார். தாயின் உடம்பும் பிள்ளையின் படிப்பும் ஒரே விஷயம் என்று நினைத்தவர்கள் அவர்கள். பால்வாடி டீச்சர் அதைத் தினமும் செய்துகொண்டிருக்கிறார், யாரும் அதற்குக் கல்வி என்று பெயர் வைக்கவில்லை.

கோபயாஷி நாலு மணி நேரம் கேட்டார். இவர் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். 'வெஞ்சனம்' என்று பிள்ளை சொன்னால், "என்னடி வெஞ்சனம், கருவாடா?" என்று அவரால்தான் திருப்பிக் கேட்க முடியும். அந்தத் திருப்பிக் கேட்டலில்தான் பிள்ளைக்கு அடுத்த வாக்கியம் பிறக்கிறது. குழந்தையின் பண்பாட்டுக்கு இடம் கொடுப்பது என்று மாநாடுகளில் பேசுவதெல்லாம் கடைசியில் இந்த ஒரு கேள்விதான்.

*

இங்கே ஒரு இடறல் இருக்கிறது, அதைத் தாண்டிப் போனால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். வீட்டை உள்ளே விடு, ஊரை உள்ளே விடு என்று சொல்கிறேன். நம் ஊரில் வீட்டோடு வேறொன்றும் சேர்ந்து வருகிறது. சாதி.

2018இல் அவினாசி அருகே ஒரு அரசுப் பள்ளியில் பட்டியல் சாதிப் பெண் சமைக்கக் கூடாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். முதலில் அந்தப் பெண்ணைத்தான் மாற்றினார்கள், போராட்டத்துக்குப் பிறகு திரும்ப வந்தார். 2023இல் கரூர் மாவட்டத்தில் காலை உணவு விஷயத்தில் அதே கதை. தடுத்தவர்களைக் கேட்டால் அதையும் 'எங்க வழக்கம்' என்றுதான் சொல்வார்கள். மத்தியப் பிரதேசத்தில் 2015இல் பழங்குடிப் பகுதி அங்கன்வாடிகளில் முட்டை போடும் யோசனையை அன்றைய முதலமைச்சர் நிராகரித்தார். முட்டை சாப்பிடுகிற பழங்குடிப் பிள்ளையின் பண்பாட்டை அங்கே யாரும் கேட்கவில்லை, முட்டை சாப்பிடாதவர்களின் பண்பாடு ஜெயித்தது. தமிழ்நாடு பள்ளிச் சத்துணவில் செய்ததை இதோடு வைத்துப் பாருங்கள். முட்டை எல்லோருக்கும் உண்டு, சாப்பிடாத பிள்ளைக்கு வாழைப்பழம். ஒரு பிள்ளையின் பழக்கம் இன்னொரு பிள்ளையின் தட்டைத் தொடவில்லை.

அப்போது எல்லைக்கோடு எங்கே? எனக்குத் தோன்றுகிற விடை இது. பண்பாட்டைப் பிள்ளையின் வாயிலிருந்து கேட்க வேண்டும், ஊர்ப் பெரியவர் வாயிலிருந்து கேட்கக் கூடாது. பிள்ளை அத்தா என்று சொல்கிறது, அவ்வா என்று சொல்கிறது, கருவாடு என்று சொல்கிறது, இதெல்லாம் உள்ளே வரட்டும். 'அவளோட உக்காராத' என்று பிள்ளை சொன்னால் அது பிள்ளையின் சொல் இல்லை, வீட்டில் யாரோ அதன் வாயில் வைத்து அனுப்பியது. இரண்டும் ஒரே பிஞ்சுக் குரலில்தான் வரும். எது எது என்று அந்த நிமிஷத்தில் பிரித்தறிந்து, ஒன்றுக்குக் கதை கேட்டு, இன்னொன்றுக்கு அந்த இரண்டு பிள்ளைகளையும் ஒரே பாயில் உட்காரவைத்துப் பாட்டுப் பாட வேண்டும். எந்தப் பாடத்திட்டத்தாலும் இதைச் செய்ய முடியாது. ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு நேரம் வேண்டும், ஊரை எதிர்த்து நிற்க முதுகுக்குப் பின்னால் அரசு வேண்டும்.

நாம் அவருக்குக் கொடுத்திருப்பது பதிவேடுகளும் ஒரு செல்போனும். 2021இலிருந்து ஊட்டச்சத்துக் கணக்கை 'போஷன் டிராக்கர்' செயலியில் ஏற்ற வேண்டும். இந்தியா முழுக்க அவர் பெறுவதற்கு 'மதிப்பூதியம்' என்றுதான் பெயர், தமிழ்நாட்டில் கொஞ்சம் மேலாகச் சிறப்புக் காலமுறை ஊதியம். பணிக்கொடைக்கு அவர்களுக்கும் உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்லவே 2022 ஏப்ரல் ஆனது. பிள்ளை பேசும்போது கடிகாரம் பார்க்காத கோபயாஷியை மெச்சுகிற நாம், நம் தெரு டீச்சரைச் சிக்னல் கிடைக்காத செல்போனைப் பார்த்துக்கொண்டே இருக்க வைத்திருக்கிறோம்.

வாசிக்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. குழந்தைகள் பற்றிய புத்தகங்களை நாம் நம் இழந்த பால்யத்துக்கான ஆறுதலாகவே படிக்கிறோம். அது தப்பில்லை, ஆனால் போதாது. டோட்டோ-சானை அடுத்த முறை யாருக்காவது பரிசளிக்கிறபோது, உங்கள் தெருவின் பால்வாடி எங்கே இருக்கிறது, அந்த டீச்சர் பெயர் என்ன என்று உங்களுக்குத் தெரியுமா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். எனக்குப் போன வருஷம்வரை தெரியாது. அம்மா சொல்லித்தான் தெரிந்தது. அவர்தான் என்னையும் எடை போட்டவராம்.

அக்கா மகள் இப்போது யு.கே.ஜி. அப்பத்தாவைக் கிராண்ட்மா என்று கூப்பிடுவதில்லை, அது அவளுக்கே ஒட்டவில்லை. ஆனால் சாப்பிடும்போது "அப்பத்தா, அது வை" என்று கையைக் காட்டுகிறாள். பெயர் சொல்வதில்லை. அப்பத்தாவும் கேட்பதில்லை, எடுத்து வைத்துவிடுகிறார்.